கெட்டில் ஓடையின் வெள்ளைக் கோடு

பாலம் இடிந்தது ஜூலை வெள்ளத்தில். அப்படி ஒரு பாலமே கிடையாது என்று தெரியவந்தது ஆகஸ்டில்.

இந்த இரண்டாவது செய்தியை முதலில் கேட்டவள் லூசில் பரனோவ்ஸ்கி, வெஸ்ட் ஹார்லோவின் ஊர்த்தலைவி. அவள் தலைவியானதற்குக் காரணம், தேர்தலில் வேறு யாரும் நிற்காததுதான். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள்; இடைப்பட்ட நேரத்தில் ஊரை ஆள்வாள். அதற்குமேல் ஆளப்பட வேண்டும் என்று வெஸ்ட் ஹார்லோவும் கேட்டதில்லை.

கெட்டில் ஓடைக்கு இந்தப் பக்கம் வெஸ்ட் ஹார்லோ, அந்தப் பக்கம் சால்டர். ஓடையைத் தாண்டியதும் மலை முகட்டுக்குக் கீழே சால்டரின் ஒரு துண்டு நிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலை என்று அதற்குப் பெயர். ஒன்பது வீடுகள், ஒரு மாட்டுப்பண்ணை. மூலைக்காரர்கள் வரி கட்டுவது சால்டருக்கு. கடை, பள்ளி, தபால், ஆம்புலன்ஸ், சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் குப்பையைக் கொட்டிவிட்டு ஒரு மணி நேரம் வம்பு பேசுவது, எல்லாம் பாலம் தாண்டி வெஸ்ட் ஹார்லோவில். முகட்டுக்கு மேலே ஒரு மண்சாலை உண்டு. அதில் ஏறிச் சால்டருக்குள் இறங்கிச் சுற்றி வந்தால் பதினான்கு மைல். பனி விழ ஆரம்பித்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். பிறகு மார்ச் கடைசியில்தான் திறப்பார்கள்.

அந்தப் பண்ணை லூசிலின் தங்கை வாண்டாவுடையது. வாண்டாவின் கணவன் ராய்க்கு இதயத்தில் ஏற்கெனவே அடைப்பு வந்து குழாய் வைத்திருந்தது. ஆகவே பனி விழுவதற்கு முன் பாலம் வேண்டும் என்பதில் லூசிலுக்குத் தலைவி என்ற முறையில் ஒரு காரணமும், அக்கா என்ற முறையில் ஒரு காரணமும் இருந்தன.

பாலத்தின் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. கதையே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லை நடை என்று ஒரு பழக்கம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்துப் பக்கத்து ஊர்த்தலைவர்கள் சேர்ந்து எல்லைக் கற்களைத் தேடிக் காட்டுக்குள் நடப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் அந்த ஆண்டை வெள்ளைச் சாயத்தால் எழுதுவார்கள். டோனட் தின்பார்கள், ஆப்பிள் மது குடிப்பார்கள், போன முறை எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். லூசிலின் தாத்தா காலத்து நடை ஒன்றில் இரண்டு ஊர்த்தலைவர்களும் பாலத்தின் மேல் நின்று, இது முழுக்க எங்களுடையது என்று ஆளுக்கு ஆள் சண்டை பிடித்தார்கள். இருட்டும்வரை ஒருவருக்கொருவர் ஒரு பலகையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டப்பாவில் மிச்சமிருந்த சாயத்தை எடுத்து நட்டநடுவில் கோடு போட்டு, இதுவே எல்லைக்குறி என்று கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தாங்கள்தான் ஜெயித்தோம் என்று இரண்டு ஊரும் இன்றுவரை நம்புகின்றன.

அந்தக் கோட்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, வட்டாரங்கள் வரும்வரை.

கனெக்டிகட் மாநிலத்தில் மாவட்டங்கள் வெகுகாலமாக வரைபடத்தில் மட்டுமே இருந்தன. ஆள்வதென்றால் ஊர்தான். திட்டமிடல் வட்டாரங்கள் என்று சில இருந்தன. அவற்றின் மன்றங்கள் மாதம் ஒருமுறை கூடி, சாண்ட்விச் சாப்பிட்டு, வராத பேருந்துகளின் தடங்களைப் பற்றிப் பேசின. ஒரு நாள் மேலே யாரோ மாவட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வட்டாரத்தை வைத்தார்கள். இனி எண்ணுவதும் வட்டாரம், பணம் கொடுப்பதும் வட்டாரம். பழைய மாவட்டத்தில் வெஸ்ட் ஹார்லோவும் சால்டரும் ஒன்றாக இருந்தன. புதிய கணக்கில் வெஸ்ட் ஹார்லோ ஷெப்பர்ட் பள்ளத்தாக்கு வட்டாரத்துக்கும், சால்டர் கிழக்கு முகடு வட்டாரத்துக்கும் போயின. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கடிதத்தின் தலைப்பில் ஒரு பறவையின் படம் வந்தது, அவ்வளவுதான்.

ஷெப்பர்ட் பள்ளத்தாக்கு வட்டார மன்றம் முன்பு கம்பளக் கடையாக இருந்த கட்டிடத்தில் இயங்கியது. புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் லைல் ஃபென்விக் மரியாதையான மனிதர். பாலம் கட்டப் பணம் கேட்டு வந்த லூசிலை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஓடையின் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினார்.

"பாலம் எதுவும் இல்லையே, மேடம்."

"இடிஞ்சுபோச்சு. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"இடிஞ்சதைச் சொல்லல. இருந்ததே இல்லைன்னு சொல்றேன்."

அவர் பொறுமையாக விளக்கினார். வட்டாரத்துக்குள் பாதி மட்டும் இருக்கும் எதுவும் அரை என்று பதிவாகும். அட்டவணையில் அரைகள் இருந்தால் கூட்டுத்தொகை பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே அரைகளைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவார்கள். அரைக்குக் கீழே உள்ள முழு எண் பூஜ்யம்.

"அந்தப் பக்கத்து அரை?" என்று லூசில் கேட்டாள்.

"அது கிழக்கு முகடு வட்டாரத்துல வரும்."

"அவங்க அதை என்ன பண்ணுவாங்க?"

"இதேதான். ரெண்டு வட்டாரமும் ஒரே விதியை வெச்சுக்கணும்னு ஒன்றரை வருஷம் உக்காந்து பேசினோம்." ஃபென்விக்கின் முகத்தில் மெல்லிய பெருமை வந்தது. "ஒருங்கிணைப்புன்னா இதுதான் மேடம்."

அப்படியானால் பத்து வருஷமாக அவள் பேருந்து எதன்மேல் போய்வந்தது என்று லூசில் கேட்டாள். அது போக்குவரத்துப் பிரிவைக் கேட்க வேண்டிய கேள்வி என்றார் அவர்.

கிழக்கு முகடு வட்டார மன்றத்தில் காபி நன்றாக இருந்தது. பதில் அதேதான், கூடவே ஒரு நுணுக்கம். வெள்ளம் வந்த தேதியில் கணக்கு மாற்றம் முழுமையடைந்திருக்கவில்லை. ஆகவே சேதம் நடந்தது பழைய மாவட்டத்தில். விண்ணப்பத்தை மாவட்டத்திடம்தான் கொடுக்க வேண்டும். மாவட்டம் இப்போது இல்லையே என்றாள் லூசில். அதனால்தான் தாமதமாகலாம் என்று அங்கிருந்த பெண் அனுதாபத்தோடு சொன்னாள்.

லூசில் நியாயமான பெண். மாவட்டத்தையும் போய்ப் பார்த்துவிடலாம் என்று பழைய மாவட்டக் கட்டிடத்துக்குப் போனாள். அங்கே பழம்பொருள் கடை இருந்தது. மாவட்டத்தின் கடைசி ஆணையரின் எண்ணெய் ஓவியம் ஒரு ஆடும் நாற்காலிக்கு மேல் விலைச்சீட்டோடு தொங்கியது. கடைக்காரரிடம் அவள் முழு விஷயத்தையும் சொன்னாள். அந்த மாதத்தில் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

செப்டம்பரில் ஷெப்பர்ட் பள்ளத்தாக்கின் இயக்குநர் டாக்டர் பிரெஸ்டன் விட்லாக் வெஸ்ட் ஹார்லோவுக்கு வந்தார். மக்கள் சொல்வதைக் கேட்கும் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். அதில் அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

வட்டாரம் என்பது வெறும் எல்லை அல்ல, ஓர் உணர்வு என்று ஆரம்பித்தார். இந்த உணர்வு மக்களிடம் இன்னும் போதுமான அளவு இல்லை என்று ஆய்வில் தெரிந்ததால் அதை ஊட்டுவதற்கு ஓர் அதிகாரியை நியமித்திருப்பதாகச் சொன்னார். வட்டாரப் பறவையைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னார். வாக்களித்தவர்கள் குறைவு என்பதால் முடிவைத் தங்கள் குழுவே சரிசெய்துகொண்டது என்றார். பிறகு திரையில் ஒரு எண் வந்தது.

"நம்ம வட்டாரத்துல ஒருத்தர் கூப்பிட்டா ஆம்புலன்ஸ் சராசரியா ஒன்பது நிமிஷத்துல வந்துடுது. யாருக்காவது அதுக்கு மேல ஆச்சுன்னா, அவங்க சராசரியைப் புரிஞ்சுக்கணும்னு கேட்டுக்கறேன். ஒவ்வொருத்தரும் தன்னோட அனுபவத்தைப் பிடிச்சுத் தொங்கினா திட்டமிடவே முடியாது."

பின்வரிசையில் ராய் எழுந்தான். சுற்றிக்கொண்டு பதினான்கு மைல் ஓட்டி வந்திருந்தான். தன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும், இதயத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான்.

விட்லாக் அவன் முகவரியைக் கேட்டார். பக்கத்திலிருந்த ஃபென்விக் குனிந்து ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் தெளிந்தது.

"நீங்க சால்டர். அப்ப நீங்க எங்க சராசரியில வரவே மாட்டீங்க. உங்களால எங்க எண்ணுக்கு ஒரு பாதிப்பும் இல்ல."

அவர் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். ராய் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாண்டா வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி லூ, நீ தலைவியா இருந்து என்னடி பிரயோஜனம்? ஓடையில தண்ணி ஏறுது. இன்னும் ரெண்டு மாசத்துல முகட்டை மூடிடுவாங்க. அப்புறம் நான் இந்த மனுஷனைத் தோள்ல தூக்கிக்கிட்டு வரணுமா?"

லூசிலிடம் இருந்தது ஒரு பேருந்தும் ஒரு பதவியும்தான்.

அக்டோபரில் ஒரு நண்பகல், தொழுவத்தில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்த ராய் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெஸ்ட் ஹார்லோ தொண்டர் படையின் ஆம்புலன்ஸ் இடிந்த பாலத்தின் இந்த விளிம்பு வரை வந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் தொழுவத்தின் சிவப்புக் கதவு தெரியும். அந்தக் கதவைத்தான் கழற்றினார்கள். ராயை அதில் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் ஆறு பேர் தூக்கி வந்தார்கள். கதவின் முன்பக்கத்து முனையைப் பிடித்திருந்தது லூசில். நடு ஓடையில் ராய் கண்ணைத் திறந்தான்.

"லூ, இப்ப நான் எந்த வட்டாரத்துல இருக்கேன்?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டுப் படு."

"இல்ல, சராசரியைக் கெடுத்துடப் போறேனோன்னு."

அவன் பிழைத்தான். மருத்துவமனையில் இன்னொரு குழாய் வைத்தார்கள். லூசில் ஈரக் காலுறையோடு அன்று மாலையும் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகச் சால்டருக்குப் போய், அந்த ஊர்த்தலைவர் எமெரி கிராண்டியின் கதவைத் தட்டினாள்.

எமெரி ஆப்பிள் தோட்டக்காரர். வெஸ்ட் ஹார்லோ சம்பந்தப்பட்ட எதையும் வாழ்நாளில் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளாதவர். கதவைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, உங்க பாதிதான் முதல்ல விழுந்துச்சு என்பது.

"சரி, எங்க பாதிதான் முதல்ல விழுந்துச்சு," என்றாள் லூசில்.

எமெரி திகைத்துப்போனார். எழுபது வருஷத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்து கூட்டம் போட்டன. கூட்டம் வெஸ்ட் ஹார்லோவிலா சால்டரிலா என்ற விவாதத்திலேயே முதல் அரை மணி போயிற்று, கூட்டம் வெஸ்ட் ஹார்லோ தீயணைப்புக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தபோதே. மேற்கொண்டு மனு போடலாம் என்றார் ஒருவர். பறவையை மாற்றச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார் இன்னொருவர். நம் தாத்தாக்கள் போட்ட கோட்டால்தான் இந்தக் கதி, அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பாலத்தை யாருக்காவது முழுசாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். யாருக்கு என்ற கேள்வி வந்ததும் கொட்டகை இரண்டாகப் பிரிந்து கத்தியது.

கூச்சல் அடங்கும்வரை எமெரி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, எல்லை நடை தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்ல வேண்டிய பழைய விதியைச் சொன்னார். எல்லாருக்கும் அது மனப்பாடம். ஆனால் அதற்குள் டோனட் பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்பதால் ஒருவரும் காதில் வாங்கியதில்லை. எல்லைக்குறிகளை இரண்டு ஊராரும் சேர்ந்து நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்; குறி விழுந்தாலோ அழிந்தாலோ, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் முன்பு இருந்த இடத்திலேயே, முன்பு இருந்த உயரத்திலேயே மறுபடி நிறுத்த வேண்டும்.

"நம்ம வெள்ளைக் கோடு ஒரு எல்லைக்குறி. அது விழுந்துடுச்சு," என்றார் எமெரி. "தண்ணியில கோடு போட முடியாது. கோட்டுக்கு அடியில ஒரு தளம் வேணும்."

"தளம் எவ்வளவு அகலம்?" என்று ஒருவர் கேட்டார்.

"சாயம் அடிக்கிறவங்க பத்திரமா நிக்கணும். ஒரு பால் லாரி அகலமாவது வேணும்."

லூசில் தீர்மானத்தை எழுதினாள். கெட்டில் ஓடையின்மேல் பாலம் எதுவும் இல்லை என்று இரண்டு வட்டாரங்களும் சொல்வதை இரண்டு ஊர்களும் முழுமனதோடு ஏற்கின்றன. இல்லாத ஒன்றைப் பழுதுபார்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. வருகிற சனிக்கிழமை எல்லை நடை. வருகிறவர்கள் அவரவர் சாப்பாட்டையும் கையுறையையும் கொண்டுவரவும். ஒருவரும் எதிர்க்கவில்லை. இரண்டு ஊரும் ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை. சிலருக்கு அது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

எல்லை நடை வழக்கமாக ஒரு நாள்தான். அந்த ஆண்டு ஐந்து சனி ஞாயிறு நீண்டது. மூடிப்போன காகித ஆலையிலிருந்து இரும்பு உத்தரங்கள் வந்தன. எந்த ஊரின் டிராக்டர் இழுத்தது என்பதில் சண்டை வந்து, பாதி வழியில் டிராக்டரை மாற்றினார்கள். சால்டரில் ஓய்வுபெற்ற பொறியாளர் இருவர் இருந்தார்கள். வெஸ்ட் ஹார்லோவில் ஒருவர். மூவரும் ஒருவர் கணக்கை மற்றவர் நம்பாததால் மும்முறை சரிபார்த்து, தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பலமாகக் கட்டினார்கள். ஊரில் கால்வாய் வெட்டும் ஹென்ரிட்டா ஓடைக்குள் நின்று கல் அடுக்கினாள். வாண்டா இரண்டு பக்கத்துக்கும் சூப் ஊற்றினாள். ராயிடம் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

நான்காவது சனிக்கிழமை ஃபென்விக் வந்தார். பலகை பாதிக்கு மேல் போட்டாயிற்று. வேலையை நிறுத்தும் ஆணை அவர் கையில் இருந்தது. பாவம், குளிரில் காது சிவந்திருந்தது. லூசில் ஒரு கோப்பை சூப் கொடுத்தாள்.

"இதுல பாலத்தோட எண்ணை எழுதணும் மேடம். இல்லேன்னா ஆணை செல்லாது."

"எந்தப் பாலம்?"

ஃபென்விக் தன் காலுக்குக் கீழே பார்த்தார். "நான் நிக்கறேனே, இது."

"அது எல்லைக்குறியோட தளம். பாலம் எதுவும் இல்லைன்னு நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க. எனக்குத் தண்ணிகூடக் கொடுத்தீங்க."

அவர் சற்றுத் தள்ளிப்போய் அலுவலகத்துக்குப் பேசினார். இல்லாத கட்டுமானத்தின் வேலையை நிறுத்த முடியாது, முதலில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பதிவு செய்தால் அரை என்று வரும். அரை பூஜ்யமாகும். பூஜ்யத்துக்கு எண் கிடையாது. ஃபென்விக் திரும்பி வந்தபோது அவர் முகம் புதிதாக ஒன்றைப் புரிந்துகொண்டவர் முகம்போல இருந்தது. ஆணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்வரை போனவர் திரும்பி வந்து, ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்.

முதல் பனிக்கு மூன்று நாள் முன்பு கடைசி ஆணி அடித்தாயிற்று. எமெரியும் லூசிலும் இரண்டு பக்கமிருந்தும் மண்டியிட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டார்கள், ஆளுக்குப் பாதி. கோடு நடுவில் கொஞ்சம் கோணிவிட்டது. யார் பக்கம் கோணல் என்பது இன்னும் முடிவாகவில்லை.

டிசம்பரில் செய்தி வந்தது. இரண்டு வட்டாரங்களும் கூடித் தங்கள் விதியைத் திருத்தியிருந்தன. இனி அரைகள் மேல்நோக்கி முழு எண்ணாகும். அது பழைய தேதியிலிருந்தே செல்லும். ஆகவே கெட்டில் ஓடையின்மேல் ஷெப்பர்ட் பள்ளத்தாக்குக்கு ஒரு பாலமும் கிழக்கு முகட்டுக்கு ஒரு பாலமுமாக இரண்டு பாலங்கள் இருந்தன. ஒரே ஆண்டில் இவ்வளவு வளர்ச்சியை வேறு எந்த வட்டாரமும் காணவில்லை. இரண்டு இயக்குநர்களும் இரு கரைகளிலிருந்தும் நடந்து வந்து வெள்ளைக் கோட்டில் சந்தித்து ரிப்பன் வெட்டுவார்கள்.

விழா நாளன்று நன்றாகப் பனி பெய்தது. முகட்டுச் சாலை மூடிவிட்டதால் கிழக்கு முகட்டின் இயக்குநரால் தன் பாலத்துக்கு வந்துசேர முடியவில்லை. விட்லாக் மட்டும் இந்தக் கரையில் வந்து இறங்கினார், கையில் ஒரு பெரிய கத்தரிக்கோலோடு. பின்னால் புகைப்படக்காரர். பறவை வேஷம் போட்ட ஓர் ஆளும் வந்திருந்தார். அவர்தான் வட்டார உணர்வை ஊட்டும் அதிகாரி.

வழியின் குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் நாற்காலி போட்டு ராய் உட்கார்ந்திருந்தான். தொழுவத்துச் சிவப்புக் கதவை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"சங்கிலியை எடுங்க. பாலத்தைத் திறக்கணும்," என்றார் விட்லாக்.

"இங்க பாலம் இல்லையே சார். ரெண்டு ஊரும் தீர்மானம் போட்டாச்சு. உங்க வார்த்தையை வெச்சுத்தான் போட்டோம்." ராய் எழுந்திருக்கவில்லை. "அந்தக் கரைக்குப் போகணும்னா முகடு சுத்திப் போகணும். பதினாலு மைல். ஆனா இப்ப மூடியிருக்கு. மார்ச்சுல வாங்க."

விதி மாறிவிட்டது என்று இயக்குநர் விளக்க ஆரம்பித்தார். மேல்நோக்கி என்ற சொல்லை அவர் இரண்டாவது முறை சொன்னபோது, பின்னால் ஹாரன் அடித்தது. லூசிலின் மஞ்சள் பேருந்து. அதன் பின்னால் பால் லாரி. ராய் போய்ச் சங்கிலியை அவிழ்த்தான். விட்லாக்கும் புகைப்படக்காரரும் பறவையும் ஒதுங்கிப் பனிக்குள் நின்றார்கள். மூலைப் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து பறவைக்குக் கை காட்டினார்கள். பறவையும் காட்டியது. இரண்டு வண்டிகளும் போனதும் ராய் சங்கிலியை மறுபடி மாட்டினான்.

பேருந்து நடுவில் போய் நின்றது. லூசில் ஜன்னலை இறக்கித் திரும்பிப் பார்த்தாள்.

விட்லாக் கத்தரிக்கோலை நீட்டிக் கேட்டார். "பாலம் இல்லேன்னா, நீங்க இப்ப எது மேல நிக்கறீங்க?"

"கோட்டு மேல சார்," என்றாள் லூசில். கியரைப் போட்டுத் தங்கை வீட்டுப் பக்கம் போனாள்.